டாலர் உயரம்

2010-களில் சீன விமான நிறுவனங்கள் வெளிநாட்டுக் கேப்டன்களை ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் வரை ஆசை காட்டி அழைத்தன. போனவர்களுக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை. பெண் பார்க்கும் படலமெல்லாம் இதற்கு முன்னால் சும்மா! மூளை அலையைக்கூட விடமாட்டார்கள். தலைமுடி நரைக்கும்வரை போயிங் ஓட்டியவரை ஒரு பொடிச் சிறுநீரகக் கல் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

தேறியவர் தோளில் நான்கு பட்டைகள். ஆனால் பெய்ஜிங்கில் கட்டுப்பாட்டு அறை உள்ளூர் விமானிகளோடு மாண்டரினில் பேசும். முன்னால் நிற்கும் விமானம் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று கேப்டன் துணை விமானியைத்தான் கேட்கவேண்டும், "தம்பி, என்னப்பா சொல்றாங்க?" என்கிற தோரணையில்.

2020-இல் கொரோனா வந்தது. சம்பளமில்லா விடுப்பில் முதலில் அனுப்பப்பட்டவர்களில் இந்த வெளிநாட்டு விமானிகளும் உண்டு.