ஜன்னலுக்கு வலை, மெஷினுக்குள் குடித்தனம்

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி.

பொருள்: காபி மெஷினில் குடியிருக்கும் கரப்பான் பூச்சிகளின் வசிப்பிட உரிமை தொடர்பாக.



ஈக்காட்டுத்தாங்கல் என்று எழுதத் தொடங்கினாலே முதலில் ஈதான் வந்து உட்காரும். பூச்சியைப் பற்றி மனுப் போட இதைவிடப் பொருத்தமான ஊர் வாய்க்காது. சென்னையின் இந்தப் பகுதியில் ஒரு பக்கம் அடையாறு, பக்கத்தில் 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை, நடுவே மெட்ரோ நிலையமும் கண்ணாடிக் கட்டடங்களும். இத்தனை அலுவலகங்களையும் தூங்காமல் வைத்திருப்பது மூலையில் நிற்கும் காபி மெஷின். பட்டனை அமுக்கினால் காபி வரும். எப்போதாவது காபியோடு மீசையும் வரும்.

தங்கள் சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூச்சி விழுந்த உணவு பாதுகாப்பற்ற உணவு என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சுகாதாரமில்லாமல் தயாரித்தால் 56ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2011ஆம் ஆண்டு விதிகளின் நான்காம் அட்டவணை இன்னும் ஒருபடி மேலே போய், ஜன்னலுக்குப் பூச்சி நுழையாத வலையும் கதவுக்குத் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்கும் கேட்கிறது. எதிரி ஜன்னல் வழியாகத்தான் வருவான் என்ற இந்த நம்பிக்கை ஈக்குப் பொருந்தும். கரப்பானோ மெஷினில் போடும் பிரிமிக்ஸ் பவுடர் வந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து, லிஃப்டில் ஏறி, கதவு வழியாகவே மரியாதையாக வருகிறது. ஜன்னலே திறக்காத குளிர்சாதனக் கட்டடத்தில் வலை எதற்கு? வந்தது திரும்பிப் போகாமல் இருக்கவா?

வந்ததும் அது எங்கே போகும்? மெஷினின் கொதிகலனுக்குப் பின்னால் இரவும் பகலும் இளஞ்சூடு. கழிவுத் தட்டில் தண்ணீர். மேலே சர்க்கரையும் பால் பவுடரும். எந்நேரமும் இருட்டு. மாதம் பல ஆயிரம் வாடகை கொடுத்தாலும் இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு வீடு கிடைக்காது. சமையலறைகளில் திரியும் சின்னக் கரப்பானுக்கு லின்னேயஸ் 1767இல் வைத்த பெயரில் ஜெர்மனி இருக்கிறது. ஆனால் அதன் பூர்வீகம் இந்தியா அல்லது மியான்மர், வயது சுமார் 2,100 ஆண்டுகள் என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. ஆக, வெளிநாட்டுக்காரன் என்று சொல்லி வெளியேற்றவும் வழியில்லை. ஒரு முட்டைப் பையில் 30 முட்டைக்கு மேல் இருக்கும். பொரிக்கும் தறுவாய் வரை தாய் அதைச் சுமந்தே திரியும். மாதம் ஒருமுறை பெஸ்ட் கன்ட்ரோல்காரர் வந்து சுவரோரம் மருந்தடித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். மெஷினுக்குள் அவர் அடிக்க முடியாது, அங்கே பால் பவுடர் இருக்கிறது. கரப்பானுக்கும் இது தெரியும் போலிருக்கிறது.

இந்த மெஷினுக்கு எதிரில் பித்தளைப் பில்டரை வைத்துப் பாருங்கள். மேலடுக்கு, கீழடுக்கு, குடை, மூடி, அவ்வளவுதான். பிரித்தால் ஒளிய இடமில்லை. டிகாக்‌ஷன் இறங்கியதும் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். பூச்சியைத் தடுத்தது பித்தளையின் பெருமை அன்று, எல்லாம் திறக்கும் என்ற அமைப்புதான். எளிதாகச் சுத்தம் செய்யும்படியான வடிவமைப்பே இயந்திரங்களுக்கு வேண்டும் என்று தங்கள் நான்காம் அட்டவணையிலேயே ஒரு வரி உண்டு. ஜன்னல் வலைக்குக் கிடைத்த கவனம் அந்த வரிக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

கொதிநீரில் எல்லாம் செத்துவிடும் என்பார்கள். கொதிநீர் பவுடர் டப்பாவுக்குள் போவதில்லை. தவிர, கரப்பானின் எச்சமும் உடல் துகளும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. வெந்நீர் பட்டதும் துகள் மாயமாகிவிடாது. காபிக் கொட்டையிலேயே பூச்சி உண்டே என்று இன்னொருவர் கேட்பார். உண்மைதான். காய்த்துளைப்பான் 1990இல் நீலகிரியின் கூடலூரில் இந்தியாவுக்குள் தலைகாட்டியது. பச்சைக் கொட்டையில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு பூச்சி அரித்திருந்தால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே நடவடிக்கையில் இறங்கும். ஆனால் அது தோட்டத்தில் தொடங்கி வறுசட்டியில் முடிந்துபோகும் கதை. மெஷின் கரப்பான் நாம் இடம் கொடுத்து வளர்ப்பது. மெஷினை ஆள் கண்டபடி திறந்தால் ஷாக் அடிக்கும், வாரண்டி போகும் என்பது தயாரிப்பாளர் வாதம். இதில் நியாயம் உண்டு. ஆகவேதான் மின்பகுதியை அடைத்து மூடிவிட்டு, பவுடரும் தண்ணீரும் ஓடும் பகுதியைத் தனியே கழற்றும்படி செய்யச் சொல்கிறோம். மிக்ஸிக்கு முடிந்தது மெஷினுக்கு முடியாதா?

மெஷினைத் திறப்பது அத்தனை சிரமம் என்றால் வேறு வழியும் உண்டு. உள்ளே உணவுத் தொழில் நடத்தும் ஒவ்வொரு கரப்பானுக்கும் பதிவுச் சான்று கொடுத்துவிடலாம். 2011 விதிகளின்படி சிறு வணிகருக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். ஈக்காட்டுத்தாங்கலில் மட்டுமே கஜானா நிரம்பிவிடும். அது வேண்டாம் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். 14 இலக்க உரிம எண்ணுக்குப் பக்கத்தில், மெஷினின் உட்புறத்தைக் கடைசியாகத் திறந்து கழுவிய தேதியையும் எழுத வையுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரியின் பையில் மாதிரி எடுக்கும் பாட்டிலோடு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கப்பை எட்டிப் பார்த்துவிட்டுக் குடிக்கும்
ஈக்காட்டுத்தாங்கல் குடிமகன் (காபி மட்டும்)