பட்டாளத்துக்காரர் வீட்டுப் பசுமை

வாய்யா பேராண்டி. திண்ணையிலயே உக்காரு, உள்ள போகாத. உள்ள வேகும். தோள்ல என்ன, லேப்டாப்பா? இருக்கட்டும். போன வாரமும் உன்னைய மாதிரியே ஒரு பையன் வந்தான். "தாத்தா, உங்க வீட்டோட எனர்ஜி எஃபிஷியன்சி என்ன?"ன்னு கேட்டான். எனக்கு எழுவத்தெட்டு வயசு. நாலு படி ஏறினா மூச்சு இரைக்கு. என் எஃபிஷியன்சியே எனக்குப் பிடிபடல, வீட்டோடத எங்க போய்ச் சொல்ல?

அவனுக்குச் சொன்னத உனக்கும் சொல்லுதேன், கேட்டுக்கிடு.

2011-ல அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டாந்துச்சு. முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள பேஸ்மட்டம் எழும்பிரும். வீடு 300 சதுர அடி. ஒரு வீட்டுக்கு 1,80,000 ரூவா. அதுல 30,000 சூரிய விளக்குக்கு, மிச்சம் கட்டடத்துக்கு. வருசத்துக்கு 60,000 வீடுன்னு கணக்கு. பசுமை வீடுன்னா பச்சப் பெயிண்ட் அடிச்சுக் குடுப்பாகன்னுதான் நானும் நினைச்சேன். சிரிக்காத. நீ முதல்தடவ 'நெட் ஜீரோ'ன்னு சொன்னப்ப, உன் பரீச்சை மார்க்காக்கும்னு நினைச்சவன்தான் நான்.

யாருக்கு முதல்ல குடுக்கணும்னு ஒரு வரிசை போட்டிருந்தாக. மாற்றுத்திறனாளிக, விதவைக, ஆதரவில்லாத பொம்பளைக, முன்னாள் ராணுவத்தாரு, தீயிலயும் வெள்ளத்துலயும் வீட்டப் பறிகுடுத்தவுக. ஒரு குத்தம் சொல்ல முடியாது. நல்ல மனசுக்காரன் எவனோ எழுதியிருக்கான். ஆனா அடுத்த வரிய எழுதினவன் வேற ஆளு போலுக்கு. குறைஞ்சது 300 சதுர அடி மனை சொந்தமா இருக்கணுமாம், அவன் பேர்ல பட்டா இருக்கணுமாம். ஏய்யா, வீடு வாசல் இல்லாதவனுக்குத்தான வீடு? அவங்கிட்ட பட்டா எங்கருந்து வரும்? கேட்டா, மனைப்பட்டாவுக்கு வேற திட்டம் இருக்குன்னு சொல்லுவாக. இருக்கு, இல்லங்கல. அது வேற ஆபீசு. அதுக்கு வேற ஒரு சோடி செருப்பு தேயணும்.

நம்ம பட்டாளத்துக்காரருக்கு அந்தக் கவலை இல்ல. அப்பன் விட்டுட்டுப் போன ரெண்டு சென்ட் இருந்துச்சு. அதுமேல ஒரு ஓலக் குடிசை. மனுசன் லடாக்குல காவலுக்கு நின்னவரு. பதினஞ்சு வருசம் முடிக்கதுக்குள்ள வெளிய வந்துட்டாரு, அதனால பென்சன் கிடையாது. இருந்த சொத்தெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியும் மீசையுந்தான். கிராம சபையில பேரு வந்துச்சு. அன்னைக்கு மீசைய முறுக்கினவரு, கடைசி பில்லு வாங்கதுக்குள்ள அதத் தடவிக் குடுத்துக்கிட்டுத் திரிஞ்சாரு.

பின்ன? நம்ம ஊரு கரிசக்காடு. மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். மேலோட்டமா அஸ்திவாரம் போட்டா மறு வருசமே சுவத்துல விரல் போற அளவுக்கு விரிசல் விடும். ஆழமா தோண்டினாரு, பாதிக் காசு மண்ணுக்குள்ள போயிருச்சு. வரைபடம் ஊரு நாட்டுக்கெல்லாம் ஒண்ணுதான். ஊட்டிக் குளிருக்கும் அதே வீடு, கோவில்பட்டி வெயிலுக்கும் அதே வீடு. எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரே அளவு சட்டை தைச்சா என்ன ஆகும்? ஒருத்தனுக்குக் கை நீளும், ஒருத்தனுக்குப் பித்தான் தெறிக்கும். மிச்சச் செலவுக்குச் சம்சாரம் காதுல கிடந்தது கழண்டுச்சு.

இருந்தாலும் நல்லதையும் சொல்லணும்லா? 2012 ஞாபகம் இருக்கா? நீ அப்ப டவுசரு. பன்னண்டு மணி நேரம், அதுக்கு மேலயும் கரண்ட் போகும். ஊரே இருட்டு. பட்டாளத்துக்காரர் வீடு மட்டும் திருவிழா. கூடம், படுக்கை, அடுப்படி, கக்கூசு, வராந்தான்னு அஞ்சு விளக்கு. ரெண்டு மாடி வீட்டுக்காரன் இன்வெர்ட்டரு மூச்சு நின்னு கிடக்கு. சார்ஜ் ஏறக் கரண்ட் வேணும்லா! அவன் மகன் பத்தாவது பரீச்சைக்கு எங்க வந்து படிச்சான் தெரியுமா? இந்த இலவச வீட்டு வராந்தாவுல. "இலவசம் குடுத்து நாட்டக் கெடுக்காங்க"ன்னு டீக்கடையில பேசினவனும் அவந்தான். ஒரு மாசம் வாயே திறக்கல.

சரி, வெளிச்சம் வந்துருச்சு. இப்ப என் சந்தேகத்தக் கேளு. நம்ம ஊருல மனுசனுக்குப் பகல்ல இல்லாதது எது? வெளிச்சமா? சூரியன் ஒண்ணு போதும், மிச்சத்த வெளியூருக்கே ஏத்துமதி பண்ணலாம். இல்லாதது குளிர்ச்சி. அஞ்சு விளக்கு குடுத்தவுகளுக்கு ஒரு காத்தாடி ஞாபகம் வரல. மேல காங்கிரீட்டு. பகல் பூரா வெயிலக் குடிக்கும், ராத்திரி அத நம்ம தலையில கக்கும். சித்திரை மாசம் ராத்திரி பத்து மணிக்குக் கூரைய அண்ணாந்து உள்ளங்கைய நீட்டு, தோசைக்கல்லுகிட்ட கைய நீட்டினாப்புல இருக்கும். லடாக் பனியில விறைச்சு நின்ன மனுசன், சொந்த வீட்டுக்குள்ள நிக்க முடியாம வேப்பமரத்தடியில கட்டிலப் போட்டாரு. வீட்டுக்குள்ள அஞ்சு விளக்கும் சும்மா எரியுது. கடைசில ஃபேனுக்குன்னு மீட்டரு வாங்கிக் கரண்ட்டும் இழுத்தாச்சு. இதுல எங்கய்யா எஃபிஷியன்சி?

அதுக்காக ஓலக் குடிசைய நினைச்சு உருகுத பட்டணத்துக்காரன நம்பிராத. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஓல மாத்தினவன், ஐப்பசி மழையில ஒழுகுத இடத்துக்கெல்லாம் சட்டிய வச்சவன் அப்படிப் பேசமாட்டான். பட்டாளத்துக்காரர் சம்சாரம் கதவச் சாத்திக்கிட்டுக் குளிச்சது இந்த வீட்டுலதான். அதுக்கு நீ எந்தக் கருவிய வச்சு அளப்ப?

பேட்டரி கதைய விட்டுட்டேனே. புதுசுல பேட்டரிப் பெட்டியச் சாமி மாதிரி வச்சிருந்தாரு. அதுக்குத் தண்ணி ஊத்தணும், அதுவும் கடையில விக்கித டிஸ்டில்டு வாட்டரு. அத வீட்டுல யாரு சொன்னா? மாட்டினவன் மாட்டிட்டுப் போயிட்டான். அந்தம்மா ஒருநா பாவமேன்னு குடத்துத் தண்ணிய ஊத்திருச்சு. நம்ம ஊரு உப்புத் தண்ணி. தாகம் தீர்ந்துச்சு, ஆயுசும் தீர்ந்துச்சு. அப்புறம் நாலு வருசம் அந்தப் பெட்டி வந்தவுக உக்கார முக்காலி. மேல இருக்க சூரியத் தகட்டுப் பக்கத்துல கூழ்வத்தல் காய்ஞ்சுச்சு. தகட்டுமேல கரிசப் புழுதி விரக்கடை கனத்துக்கு அப்பிக் கிடந்துச்சு. ஒரு ஈரத்துணிய வச்சுத் துடைக்கணும்கிறத யாரும் சொல்லல. வருசா வருசம் வந்து வீட்டப் படம் பிடிச்சுக்கிட்டுப் போனாக, அது மட்டும் தப்பல.

இப்பப் புதுசா கலைஞர் கனவு இல்லம்னு குடுக்காக. 2024-ல வந்தது. 360 சதுர அடி, 3,50,000 ரூவா. காசு கூடியிருக்கு, பரவால்ல. போன வாரம் வந்த பையன் அதுக்குத்தான் ஆலோசனை சொல்ல வந்தானாம். லேப்டாப்பத் திறந்து சிவப்பும் நீலமுமா ஒரு படத்தக் காட்டினான். "தாத்தா, கூரையில வெள்ளையா கூல் ரூஃப் கோட்டிங் அடிச்சா உள்ள சூடு குறையும்"னான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க ஆத்தா ஒவ்வொரு பங்குனிக்கும் மொட்டை மாடியில ரெண்டு கை சுண்ணாம்பு அடிப்பா. அவ எந்தக் காலேஜு? மேல ஓட்டுச்சல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்ச தளம், மேற்க ஒரு வேம்பு, எதிரும் புதிருமா ரெண்டு சன்னல். அவ்வளவுதான். பையன் அதையெல்லாம் நோட்டுல குறிச்சுக்கிட்டான். "பாரம்பரிய அறிவு"ன்னு தலைப்பும் போட்டான். நல்ல பையன். ஒரு செம்பு மோரு குடிச்சான்.

போகும்போது கூட்டிட்டுப் போயி, ஓடைக்கரைப் புறம்போக்குல இருக்க கிழவியக் காட்டினேன். தார்ப்பாய்க் கூரை, மூணு பக்கம் சாக்குப் படுதா. காத்தோட்டத்துக்குக் குறைவே இல்ல, கரண்ட்டுச் செலவு ஒரு பைசா கிடையாது. "உன் கணக்குப்படி இந்த வீட்டுக்கு எத்தன மார்க்கு?"ன்னு கேட்டேன். பயல் குனிஞ்சு செருப்பச் சரி பண்ணினான். பசுமை வீடு வந்தப்பவும் அவ வரிசையில நின்னா, கனவு இல்லத்துக்கும் நின்னா. விதவை, ஆதரவில்லாதவ, எல்லாத் தகுதியும் இருக்கு. பட்டா மட்டும் இல்ல.

சரி, வெயில் தாழ்ந்துருச்சு, கிளம்பு. அடுத்தவாட்டி வரும்போது அந்தி நேரம் பாத்து வராத, மத்தியானம் ரெண்டு மணிக்கு வா. உன் லேப்டாப்போட பட்டாளத்துக்காரர் வீட்டுக்குள்ள ஒரு மணி நேரம் உக்காந்துட்டு, அப்புறம் பேசுவோம். அவரு மருமகன் புது பேட்டரி வாங்கிப் போட்டிருக்கான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரு வாங்கிட்டு வந்துரு.