கோலியல்

எழுபது எண்பது பேர் வாசிக்க, தாம் ஒரு சத்தமும் எழுப்பாமல், முடிந்ததும் திரும்பி நின்று முதல் கைதட்டலை வாங்கிக்கொள்ளும் ஒருவரை வகைப்படுத்துதல் நுதலிற்று இந்நூல்.

பெயரிடுவதிலேயே முதல் இடர்ப்பாடு. கண்டக்டர் என்றால் தமிழ் வாசகர் சட்டைப்பையில் சில்லறை தேடுவார். நடத்துநர் என்று மாற்றினாலும் பேருந்தை விட்டு இறங்க முடிவதில்லை. பதவி உயர்ந்து கலை இயக்குநர் ஆனாரோ, சினிமாவுக்கு செட் போடுகிறவரா என்பார்கள். ஆகவே கையில் பிடித்திருப்பதைக் கொண்டு அவரைக் கோலர் என்போம். வெறுங்கையோடு நிற்கும் கோலரும் உளரே எனின், உளர்; அவர் புறனடையில் அடங்குவர்.

கோல் நான்கு வகைப்படும். மூன்று என்பாரும் உளர். அவர்கள் பல்குச்சியைக் கணக்கில் சேர்க்காதவர்கள்.

முதலாவது தண்டுகோல், தரையில் இடித்துத் தாளம் காட்டுவது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி நோய் தேறியதற்காக 1687 தொடக்கத்தில் நன்றிப்பாட்டு இசைத்தபோது, அரசவை இசைஞர் லுல்லி அதைத் தம் கால்மேலேயே இடித்துக்கொண்டார். புண் அழுகியது. காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தார். பின்வந்தோர் கோலைத் தரையிலிருந்து தூக்கிக் காற்றில் பிடித்தது உயிர்ப்பயத்தால்தான் என்பது இவ்வுரைகாரன் துணிபு.

இரண்டாவது கொடுங்கோல். டாஸ்கனினி ஒத்திகையில் கோபம் வந்தால் கோலை முறித்துப்போடுவார். மூன்றாவது செங்கோல். பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் அரசனைக் குடிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். 1989இல் அதன் கோலர் கராயன் விலகிய பிறகு வாத்தியக்காரர்கள் வாக்களித்து கிளாடியோ அப்பாடோவைக் கொண்டுவந்தார்கள். நான்காவது, வலேரி கெர்கியேவ் விரலிடுக்கில் வைத்திருக்கும் பல்குத்தும் குச்சி. இதைக் கோல் என்பதா துரும்பு என்பதா என்பதில் உரைகாரர்களிடையே ஒற்றுமை இல்லை.

கோலால் ஆவதென்ன எனின், பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைக் கேட்க. எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தொடக்கம், மூன்று குறிலும் ஒரு நெடிலும், தட்டின்மேல் விழுவதில்லை. கண்ணிமைப்பொழுது மௌனம் ஒன்று அதற்கு முன்னால் எழுதப்பட்டிருக்கிறது. நம் வித்வான் இதை அனாகத எடுப்பு என்று சொல்லி, தொடையில் தட்டிக்கொண்டே இடம் பிடித்துவிடுவார். அங்கே யாரும் தொடையில் தட்டுவதில்லை. கோலரின் கை எழும்புகிறது. வயலின் வில்லெல்லாம் கம்பியைத் தொட்டபடி நிற்கிறது. கோலர் மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறார். அந்த மூச்சு எவ்வளவு நீளமோ அதுதான் வேகம். கை இறங்குவது மௌனத்தின்மேல். அப்புறம்தான் ஒலி. கை கொஞ்சம் தயங்கிவிட்டால் மூன்று குறில் நாலாகிவிடும், ஐந்தாகிவிடும். 1913இல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் குழுவோடு இந்த சிம்பொனியை இசைத்தட்டில் பதிந்தார். இன்றும் கேட்கலாம். அவர் செய்த முக்கியமான காரியம் மட்டும் அதில் கேட்காது.

கோலர் இன்றியும் நடவாதோ எனின், நடக்கும். 1922 முதல் மாஸ்கோவில் பெர்சிம்ஃபான்ஸ் என்ற குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வட்டமாக உட்கார்ந்து பத்து ஆண்டு வாசித்தது. இப்பகுதியைக் கோலர்கள் படிக்காமல் தாண்டிவிடுவது மரபு.

இனிப் பருவம். இளங்கோலர் மேடையேறுவது பெரும்பாலும் பிறர் காய்ச்சலால். 1943 நவம்பர் 14, புரூனோ வால்டருக்கு ஃபுளூ. 25 வயது லியனார்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இல்லாமல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தினார், வானொலி நாடு முழுக்க ஒலிபரப்பியது. 1886இல் ரியோ டி ஜெனிரோவில் காய்ச்சலுக்குப் பதில் கலவரம். நடத்த வந்தவர்களைக் கூட்டம் கூச்சலிட்டு விரட்ட, செல்லோ வாசிக்கப் போன 19 வயது டாஸ்கனினி ஏறி, வெர்தியின் 'ஐடா' முழுவதையும் நினைவிலிருந்தே நடத்தி முடித்தார். ஆதலால் இளங்கோலர் இரண்டைக் கவனிக்க: இசைப்பிரதி ஒன்று, மூத்தவர் உடல்நிலை ஒன்று.

இளங்கோலன் என ஆண்பாலில் மட்டுமே முன்னையோர் எழுதினர். 2007இல் மாரின் ஆல்சப் பால்டிமோர் குழுவின் தலைமையேற்றதிலிருந்து 'அர்' விகுதி இன்றியமையாததாயிற்று.

பிறகு பட்டங்கள் சேரும். விருந்துக் கோலர், முதன்மை விருந்துக் கோலர் (விருந்தாளிகளில் மாப்பிள்ளை போன்றவர்), முதன்மைக் கோலர், இசை இயக்குநர். பட்டம் ஏற ஏற ஊரில் இருக்கும் நாள் குறையும். பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா அறுபதுகளில் மான்ட்ரியால், லாஸ் ஏஞ்சலஸ் என இரண்டு குழுக்களை ஒரே காலத்தில் வைத்திருந்தார். இடையே உள்ள தூரம் ஒரு கண்டத்தின் அகலம்.

உச்சியில் கலை இயக்குநர். இவரிடம் கோலின் வேலை பாதிதான். என்ன வாசிப்பது, யாரை அழைப்பது, பணத்துக்கு யார் கதவைத் தட்டுவது என்பது மீதி. நான்கு என்று சொன்னோம்; ஐந்தாவதாக எழுதுகோலையும் சேர்த்துக்கொள்க. சைமன் ராட்டில் இதில் கைதேர்ந்தவர். 1980இல், 25 வயதில், பர்மிங்ஹாம் குழுவுக்கு வந்து 18 ஆண்டு இருந்தார். 1991இல் ஊருக்கு சிம்பொனி ஹால் கிடைத்தது. 1999இல் பெர்லின் வாத்தியக்காரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. குழுவைத் தனி அறக்கட்டளையாக்குங்கள், வாசிப்பவர்கள் சம்பளத்தை உயர்த்துங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். இரண்டும் நடந்தன, 2002இல் கோலைத் தூக்கினார். கோலோச்சுதல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு தலைமையேற்ற லண்டன் குழுவில் மட்டும் இது பலிக்கவில்லை. புது அரங்கம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் 2021 ஜனவரியில் மியூனிக்குக்குப் போகிறேன் என்று அறிவித்தார். அடுத்த மாதமே அரங்கத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ஓய்வு என்றொரு பருவம் இந்நூலில் இல்லை. கராயன் 1989 ஏப்ரலில் பதவி விலகி ஜூலையில் இறந்தார்; இடையில் இருந்த மூன்று மாதத்தை ஓய்வு என்பார் சிலர்.

புறனடை: கோல் பிடியாதோர். பியர் பூலேஸ் வெறும் விரலால் நடத்தினார். 1927இல் பிறந்த ஹெர்பர்ட் ப்ளோம்ஸ்டெட்டும் முதுமையில் கோலைக் கீழே வைத்துவிட்டார். 95 வயதைத் தாண்டியும், மேடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நடத்தினார். அவர் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர், சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று ஒத்திகை பார்க்க மாட்டார், ஒத்திகை வேலையல்லவா. கச்சேரி மட்டும் நடத்துவார். அது வேலையில் சேராதாம். பின்வரிசையில் வயோலா வாசிப்பவர்கள் காலகாலமாகச் சொல்லிவருவதும் அதுதான்.