நரையின் தோற்றமும் வளர்ச்சியும்: வேப்பம்பட்டு ரயில் நிலையத்தை முன்வைத்து

நரை குறித்து இதுவரை யாரும் ஆராயவில்லை. ஆய்வேட்டின் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது மரபு. மரபை மீற ஆய்வாளருக்குத் துணிவில்லை. ஆனால் விசாரித்துப் பார்த்ததில் சங்கப் புலவர், வடமொழிக் கவி, புத்த ஜாதகம் சொன்னவர்கள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்து எலிகள் எனப் பெருங்கூட்டமே இதில் இறங்கி வேலை பார்த்திருப்பது தெரியவந்தது. ஆகவே முதல் வரி, 'நரை குறித்து வேப்பம்பட்டில் இதுவரை யாரும் ஆராயவில்லை' என்று திருத்தப்படுகிறது. மறுக்க விரும்புவோர் காலை எட்டு மணி மின்ரயிலில் ஒருமுறை ஏறிக் காட்டிவிட்டு மறுக்கலாம்.

1. ஆய்வுக் களம்

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் தடத்தில், திருநின்றவூருக்கு அடுத்து, செவ்வாப்பேட்டை ரோட்டுக்கு முன்னால் இருப்பது வேப்பம்பட்டு. களம், அவ்வூரில் ஆய்வாளரின் இடது காதுக்கு மேல் இரண்டு விரற்கடை. வலது காதுப் பக்கத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டால் ஆட்சேபணை இல்லை. ஒரே தலையை நான்கு முனைவர் பட்டங்களாகக் கூறுபோடுவது இன்று வழக்கம்தான்.

ஆய்வு நோக்கம்: பதவி உயர்வுக்கான புள்ளிகள். கருதுகோள்: முடிவுரை எழுதிய பிறகு எழுதப்படும்.

2. முன்னோடி ஆய்வுகள்

முதல் ஆய்வாளர் பிசிராந்தையார். வயதாகியும் நரைக்காதது ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விடை புறநானூற்றில் 191ஆம் பாட்டாக இருக்கிறது. காரணங்கள் ஐந்து: குணம் நிறைந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், தீங்கு செய்யாமல் காக்கும் வேந்தன், ஊர் நிறைய அடக்கமுள்ள சான்றோர்.

இவற்றைக் களத்தில் பொருத்திப் பார்த்தோம். மனைவி: இக்கட்டுரையை முதலில் படிப்பவர் அவர் என்பதால், முழுமையாகப் பொருந்துகிறது. மக்கள்: பத்தாம் வகுப்பு முடிவு வரும்வரை தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. ஏவலர்: தண்ணீர் கேன் போடும் தம்பி ஒருவர் உண்டு, நாம் நினைத்ததை அவர் நினைப்பதற்குள் கேன் காலியாகிவிடுகிறது. வேந்தன்: ஆய்வு எல்லைக்கு வெளியே. சான்றோர்: தெருவுக்கு இருவர் தேறுவார்கள். நகர் நலச் சங்கக் கூட்டத்தில் மைக் அவர்கள் கைக்குப் போன பிறகு, அடக்கம் என்ற சொல்தான் பொருந்த மறுக்கிறது.

பிசிராந்தையாரின் ஆய்வில் குறைகள் உண்டு. மாதிரி ஒரே தலை. ஒப்பிட இன்னொரு தலை இல்லை. ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள இதழில் பணம் கட்டி வெளியிடவும் இல்லை. பன்னாட்டுக் கருத்தரங்கிலும் வாசிக்கவில்லை. (பன்னாட்டுக் கருத்தரங்கு என்பது, மலேசியாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த உறவினர் ஒருவரை முன்வரிசையில் உட்காரவைத்து நடத்துவது.) இருந்தும் அந்தப் பாட்டு எப்படி இத்தனை நூற்றாண்டு நின்றது என்பது கல்வியுலகுக்கு விளங்காத புதிர்.

அடுத்தவர் தசரதர். முதுமை நரையாக உருவெடுத்து அவர் காதருகே வந்து ரகசியம் சொன்னதாகக் காளிதாசன் ரகுவம்சத்தின் பன்னிரண்டாம் சருக்கத்தில் சொல்கிறான். கம்பனும் அதே காதைத்தான் காட்டுகிறான். உடனே அவர் பட்டத்தை மகனுக்குக் கொடுக்கக் கிளம்பினார். விளைவு: பதினான்கு ஆண்டு வனவாசம், ஒரு கடத்தல், ஒரு பாலம், ஒரு போர். ஒரு பாக்கெட் டையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மிதிலை மன்னன் மகாதேவன், தன் தலையில் முதல் நரை தெரிந்ததும் சொல்ல வேண்டும் என்று நாவிதரிடம் கட்டளையிட்டிருந்ததாக ஜாதகக் கதை கூறும். நாவிதர் அதைப் பொன் இடுக்கியால் எடுத்துக் கையில் வைத்தார். மன்னன் துறவு பூண்டான். நாவிதருக்கு ஒரு கிராமமே பரிசாகக் கிடைத்தது. அதே செய்தியைச் சொல்லும் வேப்பம்பட்டு சலூன்காரர், 'அடிச்சு விட்டுடலாமா சார்?' என்று மேற்கொண்டு பணம் கேட்கிறார். (சலூன், நடுநாற்காலி, வாய்மொழி.)

வழக்குத் தீர்க்க இளமை தடையாகும் என்ற முதியவர்களுக்காக நரைமுடி அணிந்துகொண்ட சோழன் ஒருவனைப் பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. நரையைக் காசு கொடுத்து வாங்கியவன். விதிவிலக்கு, விட்டுவிடலாம்.

மேனாட்டில், பிரெஞ்சு அரசி மரி அன்டோய்னெட்டின் கூந்தல் 1793ல் கில்லட்டினுக்குப் போகுமுன் ஒரே இரவில் வெளுத்தது என்பார்கள். 2020ல் ஹார்வர்டில் கருப்பு எலிகளைப் பயமுறுத்தியும், மிளகாய்க் காரத்துக்கு உறவான பொருளை ஊசியில் ஏற்றியும் பார்த்தார்கள். நரம்பு முனையில் சுரந்த நார்அட்ரினலின், மயிர்க்காலில் நிறத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த மூலச் செல்களை ஒரேயடியாகச் செலவழித்துவிட, எலிகள் வெளுத்தன. எட்டு மணி வண்டியில் ஏற்றியிருந்தால் ஊசிச் செலவு மிச்சம்.

2024ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 108 பேரைச் சோதித்து, உடம்பின் மூலக்கூறுகள் ஆண்டுதோறும் சீராக மூப்பதில்லை, 44 வயதை ஒட்டி ஒரு பாய்ச்சல், 60ஐ ஒட்டி இன்னொரு பாய்ச்சல் என்று அறிவித்தது. நாற்பத்து மூன்று வயதுக்காரர்கள் அன்றிரவு தூங்கவில்லை.

3. ஆய்வாளரின் கோட்பாடு

மேற்கண்ட அனைவரும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி உயிரற்றது. அது பயந்தாலும் அழுதாலும் நிறம் மாறாது. ஒரே இரவில் வெளுத்ததாகச் சொல்லப்படும் தலைகளில் கருப்பு முடி மட்டும் மளமளவென்று கொட்டி, ஏற்கெனவே இருந்த வெள்ளை எஞ்சியிருக்கும் என்பதே மருத்துவர்கள் தரும் விளக்கம். முடி வளர்வது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். ஆகவே மூன்று சென்டிமீட்டர் நரை மூன்று மாதமாக, ஒளிவுமறைவின்றி, ஒரு பெட்டி ஜனத்தின் கண்முன்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது. திடீரென்று வந்தது நரை அல்ல, தகவல். நரை தோன்றுவது தலையில் அன்று, பிறர் வாயில்.

எனவே நரையை வகைப்படுத்த வேண்டியது கண்டுபிடித்தவரை வைத்து. மனைவி கண்ட நரை: அவருக்கு முன்பே தெரியும். செல்போன் கண்ட நரை: அழகூட்டும் வசதி அணைந்திருந்ததா என்று சரிபார்க்கவும். கல்யாண வீட்டு அத்தை கண்ட நரை: 'அப்படியே அப்பாவ உரிச்சு வச்சிருக்கியேடா' என்ற பாராட்டின் வடிவில் வரும். முன்பின் அறியாதவர் கண்ட நரைக்குத்தான் விரிவு தேவை.

3.1 விளிமாற்றம்

முன்பின் அறியாதவர் நரையைச் சொல்வதில்லை. கூப்பிடும் விதத்தை மாற்றுகிறார். தம்பி என்றவர் ஒருநாள் அண்ணே என்பார். அண்ணே சார் ஆகும். சார் அங்கிள் ஆகும். அங்கிள் ஐயா ஆனதும் மின்ரயிலில் இடம் கேட்கவே வேண்டியதில்லை. தொல்காப்பியர் மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர் ஒன்பது அடுக்குகிறார். முதுமைக்கு அப்படியொரு பட்டியல் தரவில்லை. பாட்டியல்காரர்கள் பெண்ணைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்து, நாற்பது வயதோடு ஏட்டை மூடிவிட்டார்கள். நாற்பத்தொன்றில் ஒரு பெண் எங்கே போகிறாள் என்று எந்த உரையாசிரியரும் கேட்டதாகத் தெரியவில்லை.

3.1.1 மின்ரயில் பாடபேதம்

ஆய்வாளரை நோக்கி ஒரு காலையில் கூறப்பட்ட வாக்கியம்: 'அங்கிள், கொஞ்சம் உள்ள போங்க.' (மின்ரயில், மூன்றாவது பெட்டி, கதவோரம், பையை முன்னால் மாட்டிய இளைஞர்.) இப்பாடத்தை அனைவரும் ஏற்பதில்லை. எதிரில் நின்றவர் 'அண்ணா, கொஞ்சம் உள்ள போங்க' என்று பாடங்கொள்வர். (அதே பெட்டி, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் டிபன் பையையும் பிடித்தவர், ஆவடி தாண்டி.) சுண்டல் விற்றவரோ இரண்டையும் விலக்கி, கூறப்பட்டது 'ஹலோ' மட்டுமே என்பர். (அதே பெட்டி, கூடை தலைக்கு மேல், அண்ணனூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே, எதிர்த்தடத்தில் போன எக்ஸ்பிரஸின் ஹாரனால் இறுதி அசைகள் சிதைந்துள்ளன, கேட்டவருக்கு இடது காது மந்தம் என்பதும் கருதத்தக்கது.)

அண்ணா என்பதே மூலபாடம் என்பார் கூற்று: இரண்டும் அகரத்தில் தொடங்குவதால் நெரிசலில் மயங்கும், ஏடெழுதுவோர் பிழைபோல் இது செவிப்பிழை என்க. அது பொருந்தாது. என்னை? அண்ணா என விளித்தவன் தோளைத் தட்டுவான். இவன் தட்டவில்லை, ஒதுங்கினான். ஒதுக்கம் மரியாதையின் குறி, மரியாதை வயதின் குறி. அன்றியும், பின்னர் அவ்விளைஞனுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தபோது, அவன் எழுந்து ஆய்வாளரை உட்காரச் சொன்னான். இது அகச்சான்று.

அவன் அம்பத்தூரில் இறங்குகிறவன், எப்படியும் எழுந்திருப்பான் என்று அண்ணா கட்சியார் வாதிட்டனர். வலுவான வாதம். அம்பத்தூர் வரும்வரை ஆய்வாளரும் அக்கட்சியில்தான் இருந்தார். அம்பத்தூர் வந்தது, அவன் இறங்கவில்லை. பட்டரவாக்கம், கொரட்டூர். வில்லிவாக்கத்திலும் அவன் கதவோரம் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டபின், அங்கிள் என்ற பாடமே உறுதியாயிற்று.

4. தோல்

சுருக்கங்களை வகைப்படுத்தத் தோல் மருத்துவர்களிடம் கிளோகாவ் அளவுகோல் இருக்கிறது. வகை ஒன்று, சுருக்கம் இல்லை. இரண்டு, முகம் அசைந்தால் சுருக்கம். மூன்று, அசையாவிட்டாலும் சுருக்கம். நான்கு, சுருக்கம் மட்டுமே. இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

ஆயினும் ஆய்வாளருக்குக் கிடைத்த அந்த ஜன்னலோரம் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. 28 ஆண்டு லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் பள்ளம் பள்ளமாகச் சுருங்கியிருந்தது. புறஊதாக் கதிரில் 'பி' வகையைக் கண்ணாடி தடுத்துவிடும். 'ஏ' வகையை விட்டுவிடும். இதிலிருந்து பெறப்படுவதே வேப்பம்பட்டுச் சமச்சீர் முதுமைக் கோட்பாடு: காலையில் கிழக்கே போகும் வண்டியில் தெற்கு ஜன்னலோரம் உட்கார்ந்தால் வலது கன்னத்தில் வெயில்; மாலையில் மேற்கே திரும்பும்போது அதே தெற்கு ஜன்னல் இடது கன்னத்துக்கு வந்துவிடும். இரு கன்னமும் ஒத்து மூப்படையும். பின்னோக்கி உட்காருவோர் தனி இனம். வேப்பம்பட்டில் ஏறுபவருக்கு ஜன்னலோரம் கிடைக்காது என்பதால் நெடுநாள் சோதிக்க முடியாமல் கிடந்த இக்கோட்பாடு, ஆய்வாளர் அங்கிள் ஆனபின் சாத்தியமாகியிருக்கிறது. நரை, தோலாய்வுக்கு அளித்த நல்கை இது.

5. பரிகாரங்கள்

பிடுங்குதல்: ஒன்றைப் பிடுங்கினால் பத்தாகும் என்பது ஊர் நம்பிக்கை. கணக்கிட்டோம். பத்தைப் பிடுங்கினால் நூறு, நூறு ஆயிரம், ஆயிரம் பத்தாயிரம். ஐந்தாம் சுற்றில் ஒரு லட்சம். மனிதத் தலையில் இருப்பதே ஏறத்தாழ ஒரு லட்சம் முடிதான் என்பதால் ஆறாம் சுற்று பக்கத்து வீட்டுக்காரர் தலையில் தொடங்க வேண்டும். உண்மையில் ஒரு நரையைப் பிடுங்கினால் பக்கத்து முடி நரைப்பதில்லை.

போர் தண்ணியை மாற்றுதல்: புறநகரில் எந்தக் கேள்விக்கும் விடை போர் தண்ணிதான். கரிசலாங்கண்ணி எண்ணெய்: தலையணை உறை கருக்கும்.

சும்மா விடுதல்: தமிழ்நாட்டு நரையின் வரலாறு 2011ல் இரண்டாகப் பிரிகிறது. அவ்வாண்டு 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு கதாநாயகனாக நடந்துவந்தார். அதற்கு முந்தையது ம.மு., பிந்தையது ம.பி. பல காலம் திரையில் கருப்பும் மேடையில் வெளுப்புமாக வந்த ரஜினிகாந்த் இரு காலங்களிலும் வாழ்பவர். ம.பி. நரைக்குக் கம்பீரம் என்று பெயர். அந்தக் கம்பீரம் தொப்பை உள்ளவர்களுக்கும் செல்லுமா என்பது ஆராயத்தக்கது.

டை அடித்தல்: இரண்டு நாள் முன்னதாகக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கும்படி பாக்கெட்டில் எழுதியிருக்கும். (பாக்கெட், பின்புறம், மடிப்புக்குள், எறும்பளவு எழுத்து, கண்ணாடி போட்டும் தெரியாதது, பேரனைக் கூப்பிட்டுப் படிக்கத்தக்கது.) டையில் இருக்கும் பாராஃபினைலின்டையமீன் சிலர் தோலைக் கடுமையாக வீங்க வைக்கும் என்பதால் அந்த எழுத்தை மதிப்பது நல்லது, கல்யாணத்துக்குக் காலையில் கிளம்பும்போது யாரும் மதிப்பதில்லை. அடித்த சில வாரங்களில் வேரில் வெள்ளை தலைகாட்டும். இங்கே தொல்லியலாருக்கு வேலை இருக்கிறது. கீழடியில் அடி அடுக்கு பழையது; தலையில் அடி அடுக்குதான் புதியது. வெள்ளை அடுக்கின் உயரத்தை அளந்தால், அவர் கடைசியாகக் கலந்துகொண்ட முகூர்த்தத்தைக் கண்டுவிடலாம்: ஒரு சென்டிமீட்டர் என்றால் போன மாதம். கீழடி அகழாய்வு அறிக்கை 982 பக்கம் எழுதியும் 2025ல் திருத்தக் கேட்டுத் திரும்பி வந்தது. தலையில் இருப்பதை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

நன்றியுரை

வழிநடத்திய நெறியாளருக்கு நன்றி. அவர் கட்டுரையைப் படிக்கவில்லை. அட்டையில் தம் பெயர் முதலில் வரவேண்டும் என்ற ஒரு திருத்தத்தைச் செய்தார். பிறகு ஆய்வாளரை ஏற இறங்கப் பார்த்து, 'என்னப்பா, இப்படி வெளுத்துட்ட?' என்றார். அவர் வகிட்டில் இரண்டு சென்டிமீட்டர் வெள்ளை அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. குறித்துக்கொண்டோம். கையெழுத்து இன்னும் வாங்கவில்லை என்பதால் வெளியிடவில்லை.