பெய்ஜிங் நாக்கு, செங்டு காது

சீனம் படிக்க சிச்சுவான் மாகாணத்துச் செங்டு போகும் வெளிநாட்டு மாணவனை, நாக்கை மடி, இன்னும் மடி என்று வகுப்பில் வாட்டி எடுத்து பெய்ஜிங் உச்சரிப்பை ஏற்றிவிடுகிறார்கள். வெளியே பழக்கார அம்மாவுக்கு ‘ஸ’வும் ‘ஷ’வும் ஒன்றுதான். தொனியில் வித்தியாசம் உண்டு. ஆனால் அது பாடப்புத்தகத் தொனி இல்லையே! ஆரஞ்சு அரைக்கிலோ ‘ஸ’வில் தொடங்கும் நாலு யுவானா, ‘ஷ’வில் தொடங்கும் பத்தா? விரலைக் காட்டினால்தான் ஆயிற்று.

இந்தப் பெய்ஜிங் உச்சரிப்பில் அமைந்த பொதுமொழியை நாடெங்கும் பரப்பச் சொல்லி 1956-இல் அரசாணை வந்தது. அப்போதைய தலைவர் மாவோ கடைசிவரை சொந்த மாகாணமான ஹூனான் வாடையோடுதான் பேசினார். பின்னால் வந்த டெங் சியாவ்பிங்கோ அசல் சிச்சுவான். இன்று சீனமொழி ஆசிரியர் ஆக உச்சரிப்புத் தேர்வில் 87 மதிப்பெண் வேண்டும். இருவரும் நாட்டை ஆளப் போனது நல்லதாய்ப் போயிற்று. வாத்தியார் வேலை கிடைத்திருக்காது.