முகாம்: அட்மிரால்டி தீவு

ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார் ஒருவரை ஆளில்லாத காட்டுக்கு அழைத்துப்போனால் என்ன ஆகும் என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். காடு ஒழுங்குக்கு வந்துவிடும்.

அப்பாவும் அம்மாவும் மன்னார்குடியிலிருந்து சியாட்டிலுக்கு வந்திருந்த கோடை அது. மால், அருவி, கோயில், மறுபடியும் மால் என்று எல்லாம் முடிந்திருந்தது. அப்போதுதான் என் மனைவி அலாஸ்கா கேபின் யோசனையை எடுத்துவிட்டாள். தென்கிழக்கு அலாஸ்காவில் டோங்காஸ் தேசியக் காடு இருக்கிறது. ஏறக்குறைய 1 கோடியே 67 லட்சம் ஏக்கர். அமெரிக்காவின் தேசியக் காடுகளில் இதுதான் பெரியது. அதில் வனத்துறை நூற்றுக்கும் மேற்பட்ட மர கேபின்களைக் கட்டி, இரவுக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. பல கேபின்கள் கடலோரத்தில். கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது, செல்போனில் சிக்னல் கிடையாது, போய்ச்சேர ரோடும் கிடையாது. படுக்கப் பலகை உண்டு, மெத்தை கிடையாது. இவ்வளவு கிடையாதுகளுக்கும் மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்ய அடிதடி.

“1965-ல நம்ம வீடும் இப்படித்தான் இருந்தது. ஒருத்தனும் வாடகைக்குக் கேட்டு வரலை” என்றார் அப்பா. ஆனால் ‘அரசு விடுதி’ என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. சர்க்கார் கட்டடம் என்றால் சரி.

முதலில் ஜூனோ. அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம். வெளியூரிலிருந்து அந்த ஊருக்குச் சாலையே இல்லை. விமானத்தில் வரவேண்டும், அல்லது கப்பலில். “அப்போ ஜனங்க மனு கொடுக்க எப்படி வருவாங்க?” என்று அப்பா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கிருந்து எங்கள் கேபின் இருந்த அட்மிரால்டி தீவுக்கு மிதவை விமானம். பீவர் ரகம். அந்த ரகத்தின் உற்பத்தி 1967-லேயே நின்றுபோனது. இருப்பவற்றைப் பழுதுபார்த்தே இன்னும் ஓட்டுகிறார்கள். சின்ன விமானம் என்பதால் மூட்டை முடிச்சோடு ஆட்களின் எடையையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அம்மா தன் எடையை 1985 நிலவரப்படி சொன்னார். அப்பா ஆட்சேபணை தெரிவித்தார். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு பார்வையை அம்மா அவர்மேல் வீசி நான் பார்த்ததில்லை. விமானி இருவரையும் பார்த்துவிட்டு, தானாகவே ஒரு எண்ணை எழுதிக்கொண்டார்.

அடுத்தது கரடி ஸ்பிரே. அட்மிரால்டி தீவில் சுமார் 1,600 பழுப்புக் கரடிகள் இருப்பதாகக் கணக்கு. அங்கே உள்ள ஊர் ஆங்கூன் ஒன்றுதான். அதன் ஜனத்தொகை சில நூறு. ஆக, தீவில் பெரும்பான்மைச் சமூகம் எது என்பதில் சந்தேகம் வேண்டாம். கரடி நெருங்கி வந்தால் அடிக்க ஒரு சிவப்பு டப்பா. பறக்கும்போது அது உள்ளே வெடித்துத் தொலைத்தால் விமானி கண்ணைத் திறக்க முடியாது என்பதால், அதை மட்டும் வெளியே மிதவைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அப்பா டப்பாவில் எழுதியிருந்ததை ஓர் அட்சரம் விடாமல் படித்திருந்தார். “ஏன்டா, இது மிளகாய்ச் சாறுடா!”

உண்மைதான். மிளகாய்க்குக் காரம் தருகிற அதே கேப்சைசின். அம்மா ஊரில் இடித்துக் கொண்டுவந்த மிளகாய்ப்பொடி அரைக் கிலோ பையில் சும்மா கிடக்க, அதையே நாங்கள் டாலர் கொடுத்து டப்பாவில் வாங்கியிருந்தோம். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கரடி வராமலிருக்க இதைக் கூடாரத்தைச் சுற்றி முன்கூட்டியே தெளிப்பது ஆபத்து. முகத்தில் அடித்தால்தான் ஓடும். தரையில் காய்ந்து கிடந்தால் வாசனைக்கு மயங்கி வரும். தெளித்த இடத்தில் பழுப்புக் கரடிகள் வந்து சுகமாகப் புரண்டதை அலாஸ்காவிலேயே ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. “காரம் பிடிக்காத ஜீவன் உண்டா?” என்றார்.

விமானம் எங்களை ஒரு குடாவில் இறக்கிவிட்டுப் போனது. அந்தச் சத்தம் தேய்ந்ததும் என் மனைவி கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்து, “சுதந்திரம்” என்றாள். அப்பா அதற்குள் கதவில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் காட்டின் சூட்சுமம் விளங்கியது. எல்லோரும் கட்டுப்பாடில்லாமல் இருக்கலாம் என்று காட்டுக்குப் போகிறார்கள். போய்ப் பார்த்தால், காட்டைப்போல் விதிமுறை பார்க்கிற ஆபீஸ் உலகத்திலேயே கிடையாது. ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. எடுத்த விறகுக்கு ஈடாகப் பிளந்து அடுக்கிவிட்டுப் போக வேண்டும். வாசனை உள்ள எதையும் வெளியே வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிப்படி புளியோதரை, நார்த்தங்காய், பெருங்காயம், பற்பசை, அம்மாவின் ஜவ்வாது விபூதி எல்லாம் கரடியால் திறக்க முடியாத ஒரே பீப்பாய்க்குள் அடைபட்டன. தன் புளிக்காய்ச்சலைப் பற்பசைக்குச் சமமாக வைத்ததை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

நாங்கள் மூவரும் விதிகளில் தடுக்கி விழுந்துகொண்டிருக்க, அப்பா முப்பத்தைந்து வருஷ சர்வீஸின் பலனை அனுபவித்தார். முக்கியமாக ஓத அட்டவணை கைக்கு வந்ததும்.

அந்தப் பக்கத்துக் கடல் நம் கடல்போல இல்லை. நாகப்பட்டினத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் நாலடிகூட வராது. இங்கே சில நாட்களில் இருபதடிக்கும் மேல். கேபின் வாசலில் அலையடித்த கடல், ஆறு மணி நேரத்தில் எங்கேயோ போய்விடும்; நடுவில் ஏக்கர்கணக்கில் சேறும் பாறையும் பாசியும். அப்பா வாசற்படியில் நின்று நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “தினம் ரெண்டு தடவை காணாமப் போற நிலத்துக்கு அடங்கல்ல என்னன்னு எழுதுவாங்க?”

அம்மா அட்டவணையை நம்புகிறவரில்லை. குக்கரைக் கழுவி, மூடியைத் தண்ணீரோரப் பாறைமேல் காயவைத்துவிட்டு வந்தார். “மாலை 4.10-க்கு அந்தப் பாறை இருக்காது” என்று அப்பா அறிவித்தார். இருக்கவில்லை. மூடியும் இல்லை. அம்மா கையைப் பிசைந்தார். நான் கால்சட்டையை மடித்தேன். அப்பா அட்டவணையில் விரலை ஓட்டி, “10.20-க்குத் திரும்பக் கிடைக்கும். எல்லாரும் உட்காருங்க” என்றார். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் இரவு பத்துக்கு மேல்தான் மறைகிறது என்பதால் தேட வெளிச்சமும் இருந்தது. சொன்ன நேரத்துக்குப் பாறை வெளியே வந்தது. அதன் அடியில் மூடி, மூடிக்குள் ஒரு நண்டு. விளக்கேற்றும் நேரமே பத்தரை மணிக்கு வருகிற ஊரை அம்மா ஏற்கெனவே சந்தேகித்திருந்தார். இப்போது நண்டைக் குச்சியால் வெளியேற்றி, மூடியை மூன்று முறை வெந்நீரில் கழுவினார்.

கரடி விஷயத்திலும் விதி ஒன்று உண்டு. காட்டுப் பாதையில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். ஆள் வருவது முன்பே தெரிந்தால் கரடி விலகிப்போகும். திடீரென்று எதிரே போய் நின்றால்தான் வம்பு. மற்றவர்கள் கைதட்டுவார்கள், பாடுவார்கள். எங்களிடம் அப்பா இருந்தார். ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே, ஒரு ஜமாபந்தியில் பிழையான கிராமக் கணக்கைத் தான் பிடித்த வரலாற்றைக் கம்பீரமான குரலில் தொடங்கினார். கிளைக்கதைகளும் வந்தன. பாதைச் சேற்றில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காலடித் தடங்கள் இருந்தன. ஆனால் கடைசிவரை ஒரு கரடியும் கண்ணில் படவில்லை. 1,600-ல் ஒன்றுக்குக்கூடவா ஜமாபந்தியில் ஆர்வம் இருக்காது என்று என் மனைவி வருத்தப்பட்டாள். நான் கரடிகளின் பக்கம்.

இரவில் எலிகள் வந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பலகையில் படுத்தவர்களுக்கு எப்படியும் தூக்கமில்லை.

கேபினில் ஒரு பதிவேடு இருந்தது. தங்குகிறவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போவது அங்கே வழக்கம். முன்னால் வந்தவர்கள் மழை, திமிங்கிலம், மனநிம்மதி என்று எழுதியிருந்தார்கள். ஒரு குழந்தை எலிக்குப் பெயர் வைத்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் படித்து, “ஒருத்தரும் வரிசை எண் போடலை” என்று முகம் சுளித்தார். பிறகு கோடு கிழித்து, தமிழில் எழுதினார்:

“முகாம்: அட்மிரால்டி தீவு. கட்டடம் தணிக்கை செய்யப்பட்டது. கூரை ஒழுகவில்லை. கோடாரி 1, ரம்பம் 1 இருப்பில் உள்ளன. கழிப்பிடம் 40 தப்படி தூரத்தில், சுத்தமாக உள்ளது. எலிகள் பதிவேட்டில் கண்டபடியே உள்ளன. கடல் நேரந்தவறாமல் பணிக்கு வருகிறது. கரடிகள் ஆஜராகவில்லை, விளக்கம் கோரலாம்.”

கிளம்ப வேண்டிய நாளன்று மூடுபனி. அலாஸ்காவில் இது சகஜம். அதற்காகவே கூடுதலாகச் சாப்பாடு எடுத்துப்போகச் சொல்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் பனி விலகி, விமானம் வந்து இறங்கியது. விமானி தண்ணீரில் கால் வைப்பதற்குள் அப்பா பதிவேட்டோடு கரையில் நின்றார். ‘வருகை: 3 மணி 25 நிமிடம் தாமதம். காரணம்: பனி. ஏற்கப்பட்டது’ என்று எழுதி, கீழே இடம் விட்டிருந்தார். விமானி அதை ஏதோ வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு சால்மன் மீனும் வரைந்து கொடுத்தார்.

அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீனை உற்றுப் பார்த்தார். அம்புக்குறி போட்டு, ‘அலுவலக முத்திரை’ என்று எழுதி, விமானத்தில் ஏறினார்.