பற்றுக்கோடு: ஒரு பழைய ஜீப்பின் டேஷ்போர்டை முன்வைத்து

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் ஒரு போக்குவரத்துச் சிக்கலைப் பதிவு செய்திருக்கிறார். தேனருவித் தண்ணீர் ஆகாயம் வரை தெறித்துப் பாதையை நனைத்துவிடுவதால், அந்தப் பக்கமாக வரும் சூரியனின் குதிரைகளுக்கும் தேர்ச் சக்கரத்துக்கும் பிடிமானம் போய்விடுகிறதாம். பள்ளிக்கூடத்தில் இதை உயர்வு நவிற்சி அணி என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஜூலை மாதம் மேக்கரைச் சாலையில் ஜீப்பில் போய்வந்த எவரும் இது தன்மை நவிற்சி அணி என்றே சாதிப்பார்கள். அது கிடக்கட்டும். தேரை ஓட்டுகிறவன் அருணன். கடிவாளம் அவன் கையில் இருக்கிறது. பின்னால் சும்மா உட்கார்ந்து வருகிற சூரியன், தேர் வழுக்கும்போது எதைப் பிடித்துக்கொண்டான்? நான் பார்த்த உரைகள் எதிலும் இதற்கு விடை இல்லை. தமிழாய்வில் நெடுநாளாக இருந்துவரும் இந்தப் பள்ளத்தில் ஒரு கூடை மண்ணாவது கொட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: கிழக்கே வடகரை, மேற்கே கோட்டைவாசல், இடையில் பண்பொழி, மேக்கரை, அடவிநயினார் அணை. ஆய்வுப் பொருள்: எங்கள் பெரியப்பாவின் ஜீப்பில், இடப்பக்க முன்னிருக்கைக்கு நேரே, டேஷ்போர்டில் பொருத்தப்பட்ட ஒரு கம்பி. ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர்: பெரியம்மா, ஒருவர். ஒரே ஆளை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்பவர்கள் எங்கள் பெரியம்மாவைப் பார்த்ததில்லை. ஆய்வுக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது நாங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள். 2019 நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. கம்பி அதற்கும் பிறகுதான் வந்தது.

முதலில் பெயர். 'கைப்பிடி' என்பது தமிழில் நம்பத்தகாத சொல். கைப்பிடி அரிசி என்றால் அளவு. கைப்பிடித்தவள் என்றால் மனைவி. மாடியில் கைப்பிடிச் சுவர். பழந்தமிழ்வாணர் எவராவது மேக்கரைப் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். யானைக்குக் கைம்மா என்று பெயர் உண்டு, அதன் துதிக்கைதான் கை. பிடி என்றால் பெண் யானை. ஆக, 'கைப்பிடி எங்கே?' என்று ஜீப்பிலிருந்து ஒருவர் அலறினால், தென்னந்தோப்புக்குள் யானை இறங்குகிற அந்த ஊரில் அதை எப்படி எடுத்துக்கொள்வது? இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதானோ என்னவோ, எங்கள் பக்கம் அதை வெறும் 'கம்பி' என்கிறார்கள். அமெரிக்காவில் இதே கம்பிக்கு ஏசுவை விளிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பிடிக்கும்போது வாயில் வருவது அதுதான் என்பதால். அண்மைக்கால ரேங்ளர் ஜீப்பில் அந்தக் கம்பியின் மேலேயே 1941 என்று ஜீப் பிறந்த ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஒரே பெயராக வைக்க முடியாது. பண்பொழித் திருமலைக் குமாரசாமி, அச்சன்கோவில் ஐயப்பன், வடகரைப் பள்ளிவாசல் என்று வண்டியில் இருப்பவரைப் பொறுத்து விளி மாறும்.

பழைய ஜீப்பை அறியாதவர்களுக்காக வண்டியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை செய்த சி.ஜே.-3பி என்ற ஜீப்பை மகிந்திரா இங்கே உரிமம் வாங்கி, அங்கே நிறுத்திய பிறகும் செய்துகொண்டிருந்தது. உயரமான எஃப்-ஹெட் எஞ்சினுக்கு இடம் வேண்டும் என்று பானட்டைத் தூக்கிவிட்டதால் வண்டிக்கு எப்போதும் புருவம் உயர்த்திய ஒரு முகம். எங்கள் வண்டியில் அந்த எஞ்சின் எப்போதோ இறங்கி டீசல் ஏறிவிட்டது. முகம் மட்டும் மாறவில்லை. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். கதவு கிடையாது. டேஷ்போர்டு என்பது தட்டையான ஒரு தகரம். அதன் இடப்பக்கம், புட்டி வைத்து அடைத்த இரண்டு ஓட்டைகளைக் கண்டேன். முன்பு வைத்திருந்தவர்கள் காலத்தில் அங்கே ஒரு கம்பி நாகரிகம் இருந்து அழிந்திருக்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது இரும்புக் கருவிகள் கிடைத்தன. எனக்குத் துரு கிடைத்தது.

கம்பி இல்லாத காலத்தில் மக்கள் எதைப் பிடித்தார்கள்? கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தார்கள். அது மடிக்கிற சட்டம், தானே ஆடும். படுதாக் கம்பியைப் பிடித்தார்கள். அதற்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், பார்ப்பதற்குச் சரணடைவதுபோல் இருக்கும். நடுவில் உட்கார்ந்தவர்கள் கியர் கம்பியைப் பிடித்ததுண்டு. ஒருமுறை பெரியம்மா, டேஷ்போர்டுக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த ஒரு பிடியைப் பற்றி இழுத்துவிட்டார். அது ஹேண்ட் பிரேக். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் சுற்றுகிற ஷாஃப்டையே கவ்வும். வண்டி நின்றவிதத்தில் பின்னால் இருந்த இரண்டு தேங்காய் மூட்டை முன்னால் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் கோரிக்கை முறைப்படி எழுந்தது.

அதைப் பெரியப்பா ஏன் அவ்வளவு காலம் மறுத்தார் என்பதில்தான் இந்த ஆய்வின் மையம் இருக்கிறது. கம்பி என்பது ஓட்டுபவர்மீது எழுதப்படும் திறனாய்வு. 'முப்பது வருசமா ஓட்டுதேன், எவனாவது விழுந்திருக்கானா?' என்பது அவர் வாதம். எவரும் விழாததற்கு அவர் ஓட்டியது காரணமா, அவரவர் கெட்டியாகப் பிடித்தது காரணமா என்று பிரித்தறிய வழியில்லாததால் இந்த வாதம் அறிவியல் முறைப்படி செல்லாது. ஆனால் வீட்டில் செல்லும். ஓட்டுபவரிடம் ஸ்டியரிங், பிரேக், கிளட்ச், ஹாரன், போதாக்குறைக்குக் கெட்ட வார்த்தை. பக்கத்தில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது? வெறும் தரையை வலக்காலால் மிதிக்கும் உரிமை. அந்த மிதியால் நின்ற வண்டி உலகில் இல்லை.

இயற்பியலுக்கு வருவோம். நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்பக்கம், பயணி இடப்பக்கம். வண்டி இடது பக்கம் வளைந்தால் பயணி ஓட்டுபவர்மேல் சாய்வார். அது குடும்ப விவகாரம். வலது பக்கம் வளைந்தால் வெளியே சாய்வார், அந்தப் பக்கம் கதவு இல்லை. அறுபது கிலோ ஆள், பதினைந்து மீட்டர் ஆரமுள்ள வளைவு, முப்பது கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய இருபத்தெட்டுக் கிலோ எடைக்குச் சமம். ஒரு சிப்பம் அரிசியைவிடக் கூடுதல். அந்தச் சிப்பம் ஒவ்வொரு வளைவிலும் கம்பியில் தொங்கி இறங்குகிறது.

இதைக் கணக்குப் போடாமல்தான் நான் முதல் கம்பியைப் போட்டேன். பெரியப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாள் பார்த்து, அலமாரிக் கதவுக்குப் போடுகிற அலுமினியக் கைப்பிடி ஒன்றை வாங்கி, நான்கு தகர ஸ்குரூவால் இறுக்கிவிட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. ஒரு மில்லிமீட்டர் தகரத்தில் ஸ்குரூவின் ஓரிரு மரைதான் கடித்துக்கொண்டிருக்கும். ஆட ஆட ஓட்டை அகலும். கோட்டைவாசல் ஏற்றத்தில் மூன்றாவது வளைவில் அது கழன்றது. பெரியம்மா விழவில்லை, நடுவில் நான் இருந்தேன், என் தலைமுடி இருந்தது. வீடு வரும்வரை ஒன்றும் பேசாமல் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, 'இந்தால, ஒன் கம்பி. நீயே பிடிச்சுக்கோ' என்றார்.

இரண்டாவது கம்பி தென்காசியில் ஒரு வெல்டிங் பட்டறையில் பிறந்தது. பட்டறை அண்ணாச்சி நான் கொண்டுபோன ஜி.ஐ. குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் புகையாகும், மூச்சில் போனால் ராத்திரி காய்ச்சலில் நடுங்க வேண்டும். இரும்புக் குழாயை எடுத்து, உள்ளே காய்ந்த மணலைத் திணித்து, இரு முனையும் அடைத்து, சூடாக்கி வளைத்தார். மணல் இல்லாமல் வளைத்தால் வளைகிற இடம் சப்பிப்போகும். ஒரு அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தடிமன்; விரல் சுற்றிக் கட்டைவிரலைத் தொட வேண்டும், அதுதான் அளவுகோல். அதற்குப் பெரியம்மாவையே பட்டறைக்கு அழைத்துப்போனோம். நாலைந்து குழாய்களை வரிசையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, முருங்கைக்காய் வாங்குவதுபோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

'போல்ட்டப் பத்திக் கவலப்படாதீங்க அண்ணாச்சி, தகரத்தப் பத்திக் கவலப்படுங்க' என்று பட்டறைக்காரர் சொன்னதை இத்துறையின் முதல் விதியாகக் கொள்கிறேன். தலையில் 8.8 என்று பொறித்த எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஒன்றே இரண்டு டன் இழுவையைத் தாங்கும். கிழிவது எப்போதும் தகரம்தான். அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்தில் மூன்று மில்லிமீட்டர் தகடு ஒவ்வொரு காலுக்கும். துளை போட்ட இடத்தில் ரெட் ஆக்சைடு. அதிர்வில் கழலாமல் இருக்க நைலான் வளையம் வைத்த நட். பிடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியாயிற்று. கயிறு சுற்றலாம் என்ற என் யோசனையைப் பட்டறைக்காரர் ஏற்கவில்லை. ஆரியங்காவு இடைவெளி வழியாக ஜூன் முதல் சாரல் உள்ளே வருகிற ஊரில், கயிறு ஈரத்தை விடாது, உள்ளே இரும்பு உப்பிவிடும்.

திருக்குறளில் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறள் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. ஏழு சீரில் ஆறு சீர் பற்றுவதைப் பற்றியவை, ஒரே ஒரு சீர்தான் விடுவதைப் பற்றியது. கோட்டைவாசல் சாலையிலும் இதே விகிதம்தான்: ஏழு வளைவில் ஆறில் பற்ற வேண்டும், ஒன்றில் விட்டு முந்தானையைச் சரிசெய்துகொள்ளலாம். வள்ளுவர் பொருந்தாத இடமே இல்லை என்று சொல்கிறார்களே, சரிதான்.

கம்பி இன்றுவரை அசையவில்லை. குறை ஒன்றே ஒன்று. துளை போட்டது நான். டிரில் பிட் டேஷ்போர்டைத் தாண்டி, பின்னால் கட்டாக ஓடிய ஒயர்களுக்குள் போய்விட்டது. ஒரு பொறி, கொஞ்சம் புகை, அன்றிலிருந்து வைப்பர் ஓடவில்லை. இப்போது சாரலில் போகும்போது பெரியம்மா வலக்கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, கதவில்லாத பக்கமாக இடக்கையை நீட்டி, பழைய துணியால் கண்ணாடியைத் துடைக்கிறார். அவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஓட்டுபவர் பக்கம் அவருக்கு எட்டாது. எனவே முன்னால் லாரி வருகிறதா, மாடு நிற்கிறதா, எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரியம்மா சொல்கிறார். முப்பது வருசமாக ஓட்டும் பெரியப்பா கேட்டு ஓட்டுகிறார்.

பழைய ஜீப் வைத்திருக்கும் ஆய்வுலகத் தோழர்களுக்கு: டிரில்லை எடுக்கும் முன் டேஷ்போர்டின் அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயரை ஒதுக்கிக் கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வேறு காரணங்களுக்காக வைப்பர் ஓடாமலிருப்பது உங்கள் வீட்டுக்கும் நல்லது என்று தோன்றினால், அது உங்கள் பாடு.